ஏழு பசங்க

1

இந்த ஊரில் என் பெயர் ஏகாம்பரம். அது என் அப்பாவின் பெயர். வந்த புதிதில் நகராட்சி அலுவலகத்தில் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். கலைவாணி என்ற பெயருக்கு முன்னால் ஏ. என்ற ஒற்றை எழுத்தைத் தவிர என்னிடம் வேறொன்றும் இல்லை. அந்த எழுத்தை விரித்துச் சொன்னேன், கட்டத்துக்குள் எழுதிக்கொண்டார்கள். அன்றிலிருந்து, நான் கணக்கு பார்க்கும் பல் மருத்துவமனையில், "ஏகாம்பரம் அம்மா, ஒரு நிமிடம் வர முடியுமா?" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அப்பா உயிரோடு இருந்தால் ஒருமுறை கூட்டி வந்து கேட்க வைத்திருப்பேன். விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

தெற்கு ஜெர்மனியின் இந்தச் சிறு நகரத்துக்கு வந்து கால் நூற்றாண்டு ஆகிறது. அதைப் பற்றி ஏதாவது எழுதிக் கொடு என்று ஊரிலிருந்து ஒரு தோழி கேட்டிருந்தாள். பனியைப் பற்றியும் ஞாயிற்றுக்கிழமை நிசப்தத்தைப் பற்றியும் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அதற்குள் அம்பத்தூரில் என் அண்ணனின் பட்டறை, ஒரே ஒரு தமிழ்ச் சொல்லால் மூடப்படும் நிலைக்குப் போய்விட்டது. அந்தச் சொல் எங்கள் வீட்டுச் சமையலறையிலிருந்து கிளம்பியது. ஆகவே அதைத்தான் எழுதுகிறேன்.

2

முதலில் என் மகள் இனியாவின் வேலையைச் சொல்ல வேண்டும்.

இங்கே ஒரு தொழிற்சாலை தண்ணீர் பம்பு செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு சிறு இரும்புத் துண்டு அம்பத்தூர்த் தொழில் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் தயாராகிறது. அந்தத் துண்டுக்குத் துத்தநாகப் பூச்சு போடுவது, அதே எஸ்டேட்டின் உட்சந்தில் உள்ள ஒரு சின்னப் பட்டறை. முன்பெல்லாம் பம்பு செய்பவருக்குச் சந்துக்குள் இருப்பவரைத் தெரியாது. இப்போது தெரிந்தே ஆகவேண்டும். அந்தப் பூச்சுக்கு எவ்வளவு மின்சாரம் செலவானது, எவ்வளவு தண்ணீர், கழிவு எங்கே போனது, அங்கே வேலை செய்பவர்கள் யார், எல்லாம் கணினியில் ஏற வேண்டும். இல்லையென்றால் பம்பு விற்காது.

இனியா வேலை செய்யும் நிறுவனம் இந்தத் தகவல்களைத் திரட்டித் தருகிறது. அவள் சேர்ந்தபோது எல்லாமே ஆங்கிலக் கட்டங்கள். பட்டறைக்காரர்கள் அவற்றை நிரப்பவில்லை, அல்லது யாரோ ஒரு பொடியனுக்குக் காசு கொடுத்து வாய்க்கு வந்ததை நிரப்ப வைத்தார்கள். "அவங்க பேசட்டுமே. அவங்க மொழியிலயே, போன்ல பேசினா போதும்" என்று யோசனை சொன்னது அவள்தான். மாதம் ஒருமுறை பட்டறைக்காரர் கைபேசியில் பேசுவார். இயந்திரம் அதை எழுத்தாக்கி, ஜெர்மனில் மொழிபெயர்க்கும். சந்தேகத்துக்கு இடமான பதில்களை மட்டும் அந்த மொழி தெரிந்த ஒருவர் சரிபார்ப்பார். தமிழுக்கு அந்த ஒருவர் இனியா. பேசியவரின் பெயரோ குரலோ அவளுக்கு வராது. எண்ணும் எழுத்தும்தான் வரும்.

அவளுடைய தமிழைப் பற்றி நான் கொஞ்சம் கர்வப்பட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மகன் கவின் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வான். இவளும் பதினான்கு வயதுக்கு மேல் அப்படித்தான் ஆனாள். அறைக் கதவு மூடியே இருக்கும். சாப்பாட்டு மேசையில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு மொழி உட்கார்ந்திருக்கும். ஆனால் இந்த வேலை வந்த பிறகு அவளாகவே வந்து, "அம்மா, வாளின்னா பக்கெட்டா கத்தியா?" என்று கேட்க ஆரம்பித்தாள். அதற்காகவே அந்த நிறுவனத்துக்கு நான் மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு சாயங்காலம் அவள் கோட்டைக் கூடக் கழற்றாமல் சமையலறையில் வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. ஜெர்மனில்தான் சொன்னாள். அம்பத்தூர்ப் பக்கம் ஒருவன் ஏழு குழந்தைகளை வேலைக்கு வைத்திருக்கிறானாம். அவர்களில் சின்னவனை அமிலத் தொட்டிப் பக்கத்தில் நிறுத்துகிறானாம். கொஞ்சமும் மறைக்காமல், பெருமையாகச் சொல்கிறானாம்.

"அடப்பாவி" என்றேன். கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தேன். "யாருடீ அவன்?"

"தெரியாதும்மா. தெரிஞ்சாலும் சொல்லக் கூடாது. நான் உறுதி செஞ்சா ஆர்டர் உடனே நிக்கும்."

"நிறுத்து. இதுல என்ன யோசனை? பெத்த வயிறு எரிஞ்சு சொல்றேன், அவன் பட்டறை நாசமாப் போகட்டும்."

அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். எத்தனையோ வருடம் கழித்து நாங்கள் இருவரும் ஒரு விஷயத்தில் ஒரே பக்கம் நின்றோம். அந்தச் சந்தோஷத்தில் எனக்கு இரண்டு தோசை கூடுதலாக இறங்கியது.

3

அடுத்த வாரம் அண்ணன் அழைத்தார்.

என் அண்ணன் தனசேகருக்கு ஐம்பத்தேழு வயது. அயனம்பாக்கத்தில் வீடு. எஸ்டேட்டின் ஒரு சந்தில் ஜிங்க் பிளேட்டிங் பட்டறை, அதாவது இரும்புச் சாமான்களுக்குத் துத்தநாகப் பூச்சு போடும் இடம். அவரும் இந்தக் கைபேசித் திட்டத்தில் சேர்ந்திருந்தார். அது தன் மருமகள் இனியாவின் யோசனை என்று அவருக்குத் தெரியாது. அவர் சேர்ந்தது இவளுக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் இருவரையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. அம்பத்தூரில்தான் எத்தனை பட்டறைகள்.

ஆரம்பத்தில் திட்டிக்கொண்டேதான் மீட்டர் மாட்டினார். பிறகு அதிலேயே மயங்கிவிட்டார். "முன்னெல்லாம் கொயாவ தொறந்து வுட்டா வுட்டதுதான் பாப்பா. இப்போ அந்த முள்ளு ஓடறத பாத்தா வவுறு எரியுது" என்பார். கடைசித் தொட்டியில் அலசிய தண்ணீரை அதற்கு முந்தைய தொட்டிக்குத் திருப்பினார். டேங்கர் லாரி வருவது குறைந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் மின்சாரம் வீணாவதைக் கைபேசித் திரையில் பார்த்துக் கண்டுபிடித்து, அண்ணியிடம் பெருமை பேசினாராம். அண்ணி, "ஊட்ல ஃபேனை அணைக்காத மனுசன்" என்றாளாம்.

அன்றைக்கு அவர் குரல் கம்மியிருந்தது.

"பாப்பா, ஆர்டர் நிறுத்திட்டாங்கோ."

"யாருண்ணா?"

"கம்பெனிலேந்து லோடு வர்ல. இன்னான்னு கேட்டா, ஜெர்மனிலேந்து சிவப்புக் கொடி காட்டிட்டாங்கன்றான். நான் கொயந்திங்கள வேலைக்கு வெச்சுக்கினு கீறனாம். என்னப் பாத்து கேக்கறான் பாப்பா. என்னப் பாத்து."

போன வாரம் நான் கீழே வைத்த கரண்டி நினைவுக்கு வந்தது.

"நம்ம பசங்க மூஞ்சிய பாக்க முடியில. இன்னாண்ணா, லோடு எப்ப வரும்னு கேக்கறானுங்க. இன்னா சொல்லுவேன்? மத்த கம்பெனியும் இதே கம்ப்யூட்டர பாத்துட்டா எவனும் குடுக்க மாட்டான். ஏழு ஊட்ல அடுப்பு எரியணும்ல?"

இனியா அப்போது வரவேற்பறையில் இருந்தாள். அண்ணன் போனை வைத்த பிறகு அவளிடம் சொன்னேன், மாமாவுக்கு இப்படி ஒரு தொல்லை என்று. அவள் எழுந்து நின்றாள். தமிழில் கேட்டாள், ஒவ்வொரு சொல்லாக.

"அம்மா, மாமா கடையில சின்னவன்னு யாராவது இருக்காங்களா?"

"சின்ன முருகனா? ஆமா. அங்க ரெண்டு முருகன். ஒருத்தர் பெரியவன், ஒருத்தர் சின்னவன். உனக்கெப்படித் தெரியும்?"

"சின்னவனுக்கு என்ன வயசு?"

"நாற்பத்தஞ்சு இருக்கும். தலையெல்லாம் நரைச்சுப்போச்சு."

அவள் மெதுவாக உட்கார்ந்தாள். "ஏழு பசங்க கீறாங்க. சின்னவன டேங்க்காண்ட நிக்க வெச்சிருக்கேன். ரொம்ப நாளா அவன்தான், கெட்டிக்காரன்" என்றாள். வேலையில் திரையில் படித்ததை மனப்பாடமாகச் சொன்னாள்.

4

ஊரில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அம்பத்தூரில் எந்தப் பட்டறையிலும், எந்த லேத்திலும், தன்னிடம் வேலை செய்கிறவர்களை முதலாளி பசங்க என்றுதான் சொல்வார். பேரன் எடுத்தவரும் பையன்தான். ஓய்வு பெற வேண்டிய வயதில் இருப்பவரும் "நம்ம பையன்"தான். அதில் ஒரு மேல் கீழ் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அண்ணன் வாயில் அந்தச் சொல்லில் அதைவிட அதிகமாக ஒரு சொந்தம் இருக்கிறது.

இயந்திரம் அதைக் குழந்தைகள் என்று பெயர்த்தது. அதை நான் மன்னிக்கிறேன். ஆனால் சரிபார்க்க ஒரு மனுஷி இருந்தாளே. தமிழ் தெரிந்தவள். அவள் ஏன் ஆம் என்று அழுத்தினாள்?

"நீதானேம்மா அப்படிச் சொல்வ?" என்றாள். "பசங்களா, சாப்பிட வாங்க. பசங்களா, கோட்டு போடுங்க. பசங்களா, சத்தம் போடாதீங்க. பசங்கன்னா நானும் கவினும். எனக்குத் தெரிஞ்ச பசங்க அவ்வளவுதான்."

அவள் குற்றம் சாட்டவில்லை. நடந்ததைச் சொன்னாள். இருபத்து நான்கு வருடம் என் மகளுக்குத் தமிழ் கொடுத்தேன் என்று நினைத்திருந்தேன். நான் கொடுத்தது ஒரு சமையலறையின் தமிழ். அதில் சோறு இருந்தது, காய்ச்சல் இருந்தது, குளிர் இருந்தது. ஒரு பட்டறை இல்லை, ஒரு பஸ் இல்லை, டீக்கடையில் இரண்டு பேர் அடித்துக்கொள்ளும் பேச்சு இல்லை. இங்கே அவளுக்கு அவற்றைக் காட்ட எந்தச் சந்துக்குக் கூட்டிப் போயிருப்பேன்?

மறுநாள் காலையிலேயே அவள் அலுவலகத்தில் நடந்ததைச் சொல்லிவிட்டாள். உடனே சரியாகிவிடும் என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்ல. சொந்த மாமா என்று தெரிந்த கணத்திலிருந்து அவள் அந்தக் கோப்பைத் தொடக் கூடாது. அவள் இது தவறு என்று சொன்னாலும், உறவினர் சொன்னதாகத்தான் ஏறும். வேறொருவர் விசாரிக்க வேண்டும். கொடியை ஏற்ற ஒரு விரல் போதும். இறக்க மூன்று பேர் கையெழுத்து வேண்டும்.

நான் கொதித்தேன். "இவ்வளவு கேள்வி எதுக்கு? அவர் பாட்டுக்குப் பூச்சு போட்டுக்கிட்டு இருந்தார்."

இனியா என்னை நேராகப் பார்த்தாள். "போன வாரம் நீ என்ன சொன்ன? நிறுத்துன்னு சொன்ன. அந்தக் கேள்வி வேணாமா அம்மா? நிஜமாவே ஒரு குழந்தை எங்கேயாவது அந்தத் தொட்டிக்கிட்ட நின்னா?"

கேள்வி வேண்டும். கேட்கும் காது வேறாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரிகிறது.

5

விசாரணை இணையவழியில் நடந்தது. நடத்தியவர் திருமதி வேபர், இனியாவின் நிறுவனத்தில் வேறு பிரிவு. அண்ணன் துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அவர் என்னைச் சொன்னார். நான் இருக்கலாம், ஆனால் மொழிபெயர்க்கக் கூடாது, கேட்டால் ஒழிய பேசக் கூடாது. பேச்சை இயந்திரமே உடனுக்குடன் பெயர்த்துத் திரையின் அடியில் வரியாகக் காட்டும். அதே இயந்திரம்தான்.

இங்கே காலை, அங்கே மதியம். இனியா சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் கேட்கவும் கூடாது. கதவின் அடியில் அவள் கால்களின் நிழல் மட்டும் தெரிந்தது. அது நகரவே இல்லை.

அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி உட்கார்ந்திருந்தார், பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி. என்னைத் திரையில் பார்த்ததும் எல்லாம் மறந்துபோனது அவருக்கு.

"பாப்பா, சாப்ட்டியா?"

அடியில் ஜெர்மனில் வரி ஓடியது: கைக்குழந்தையே, நீ உண்டாயா?

திருமதி வேபர் எழுதுவதை நிறுத்தினார். "மன்னிக்கவும். பட்டறையில் கைக்குழந்தையும் இருக்கிறதா?"

எனக்குப் பேச அனுமதி இல்லை. பள்ளிக்கூடத்தில் போலக் கையைத் தூக்கினேன். அவர் தலையசைத்தார்.

"அந்தக் கைக்குழந்தை நான்தான்" என்றேன். "எனக்கு ஐம்பத்திரண்டு வயது."

அவர் என்னைப் பார்த்தார். என் நரையை, கண்ணாடியை. பிறகு திரையின் இன்னொரு கட்டத்தில் இருந்த அண்ணனைப் பார்த்தார். திருமதி வேபர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. ஆனால் பேனாவை மேசையில் வைத்துவிட்டார்.

"பட்டறையைச் சுற்றிக் காட்டட்டும்" என்றார்.

அண்ணன் கைபேசியை எடுத்துக்கொண்டு நடந்தார். படம் குலுங்கியது. தொட்டிகள், ஈரத் தரை, மேலே தொங்கும் இரும்புத் துண்டுகள், சுவரில் புது மீட்டர்கள்.

"டேய் சின்னவனே, இங்க பார்ரா. ஜெர்மனி மேடம் பாக்கறாங்க."

நரைத்த மீசையோடு ஒரு முகம் திரையை நிறைத்தது. "இன்னாண்ணா, போட்டோவா? சொல்லிருந்தா ஷேவாவது பண்ணிகினு வந்திருப்பேன்ல."

"வயசு கேக்கறாங்கடா."

"எத்த சொல்ல? ஆதார்ல ஒண்ணு கீது, ரேஷன் கார்டுல ஒண்ணு கீது."

"நெசத்த சொல்றா!"

"அது எங்கம்மாவுக்குத்தான் தெரியும். அது போய் சேந்துடுச்சு."

பின்னால் எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "டேய், இது நம்ம சோத்து விசயம்டா" என்றார் தணிந்த குரலில். சிரிப்பு நின்றது. சின்ன முருகன் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நேராக நின்றார். "பேத்தி இஸ்கூல் போவுது மேடம். பக்கத்துல அண்ணனூர்ல ஊடு. பேத்தியே என் வயச சொல்லும்" என்றார்.

பெரிய முருகன் வந்தார். வானகரத்திலிருந்து வரும் இரண்டு அண்ணன் தம்பிகள் வந்தார்கள். இன்னும் இரண்டு பேர். எல்லோரும் முப்பதைத் தாண்டியவர்கள். அத்தோடு வரிசை நின்றது.

"ஆறு பேர்" என்றார் திருமதி வேபர். "ஏழு என்று சொல்லியிருக்கிறார். ஏழாவது எங்கே?"

அந்தக் கேள்வி தமிழில் அவர் திரையில் வந்திருக்கும். அண்ணன் படித்தார். காதைச் சொறிந்தார். பக்கவாட்டில் திரும்பினார். நான் அந்தப் பட்டறைக்குள் போய் எத்தனை வருடம் ஆகிறது? மூலையில் ஒரு தகரக் கதவு இருந்ததே, அதற்குப் பின்னால் யாரும் இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? என் அண்ணனைப் பற்றி நான் அப்படி நினைத்தேன். சமையலறைக் கதவின் அடியில் இருந்த நிழலும் ஆடியது போலிருந்தது.

"ஏழாவது..." என்றார் அண்ணன். வெட்கப்பட்டார். "நான்தாம்மா. எவனாவது மட்டம் போட்டா நானும் தொட்டியாண்ட நிப்பேன்ல? பசங்கன்னா நம்மளயும் சேத்துதானே."

வரி ஓடியது: ஏழாவது குழந்தை நான்.

திருமதி வேபர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு அந்த வரியை இன்னொருமுறை படித்தார்.

"பாப்பா, நீ எதுக்கு அழுவுற?" என்றார் அண்ணன்.

அதையும் இயந்திரம் பெயர்த்தது. இந்த முறை யாரும் என்னை விளக்கம் கேட்கவில்லை.

6

கொடி அன்றே இறங்கவில்லை. விதிப்படி ஒருவர் நேரில் போய், அண்ணனை வெளியே நிறுத்திவிட்டு, ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசினார். குழந்தைகள் யாரும் இல்லை என்று எழுதினார். கூடவே, அமிலத் தொட்டிக்கு மேலே புகையை இழுக்கும் விசிறி போதாது என்றும் எழுதினார். அண்ணன் முணுமுணுத்தார், பிறகு பெரிய விசிறி மாட்டினார். "நல்லாத்தான் கீது. முன்னாடி சாய்ங்காலம் ஆனா கண்ணு எரியும், இப்போ இல்ல" என்று ஒப்புக்கொண்டார். லோடு மறுபடி வர ஆரம்பித்தது.

கொடியை ஏற்றியது யார் என்று நான் சொன்ன பிறகு, இனியாவுக்கு அவர் ஒரு குரல் செய்தி அனுப்பினார். "கண்ணு, நீ கேட்டது தப்பே இல்ல. கொயந்தைன்னு நெனச்சுதானே நிறுத்துன? அதுக்காவ உன்ன மெச்சிக்கறேன். ஒருவாட்டி வந்து நம்ம பசங்கள பாத்துட்டுப் போ." அவள் அதை மொழிபெயர்ப்பில் போடவில்லை. காதில் வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

இப்போது அவள் அம்பத்தூரில் இருக்கிறாள். நிறுவனமே அனுப்பியிருக்கிறது. பட்டறை பட்டறையாகப் போய் உட்கார்ந்து, அவர்கள் பேசுவதைக் கேட்டுச் சொற்களைச் சேர்க்கிறாள். இனி பசங்க, சின்னவன், பாப்பா என்று எது வந்தாலும் இயந்திரம் தானே முடிவு செய்யாது. வயது என்ன என்று திருப்பிக் கேட்கும். கேட்டால் ஆதாரா ரேஷன் கார்டா என்பார்கள், அது அவர்கள் பாடு.

இங்கே அவள் அறைக் கதவு திறந்தே கிடக்கிறது. வெயிலில் அலைகிறாளே, தண்ணீர் ஒத்துக்கொள்ளுமா, அமிலப் பக்கம் போகிறாளா என்று எனக்கு எந்நேரமும் கவலை. நேற்று அங்கே மதியம் இருக்கும்போது அழைத்தேன். பின்னால் விசிறியின் இரைச்சல், யாரோ யாரையோ கலாய்க்கும் சத்தம்.

"சாப்ட்டியாம்மா?"

"சாப்ட்டுகினே கீறேம்மா."

நான் கைபேசியைக் காதிலிருந்து எடுத்து, சரியான எண்தானா என்று பார்த்தேன்.

"யாரோட?"

"பசங்களோட."

இருபத்து நான்கு வயது மகள் தூர தேசத்திலிருந்து இப்படிச் சொன்னால், என் வயதில் இருக்கும் எந்த அம்மாவுக்கும் நெஞ்சு திக்கென்று இருக்கும். நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"ஏழு பேருமா?" என்றேன்.

"ஏழுதாம்மா. மாமா வெளிய போயிருக்காரு. அவரு எடத்துல நான் கீறேன்."